கத்தி மாரியம்மனின் மூக்குக்கண்ணாடி

பழைய பெயிண்ட் சுரண்டும் பட்டி பிளேடை மெதுவாகத்தான் வைத்தேன். சுவரில் அழுத்துவது போல அழுத்தவில்லை. அம்மன் முகம் அல்லவா. பல வருஷத்துச் செந்தூரப் பூச்சு, கன்னத்தின் ஓரமாக விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலுக்குள் பிளேடின் முனையை நுழைத்து லேசாக நெம்பினேன். கொட்டாங்கச்சி அளவுக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது.

உள்ளே ஒரு கண் இருந்தது. கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது.

மை தீட்டியது போலச் செதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தேன். வட்டத்திலிருந்து ஒரு கோடு கிளம்பிக் காது வரைக்கும் போயிற்று. மூக்கின் மேல் ஒரு சின்ன வளைவு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வட்டம், பாதி செந்தூரத்துக்குள் மூழ்கிக் கிடந்தது.

எங்கள் அம்மன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள்.

கருவறை என்று சொன்னாலும் அது ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்காரும் இடம்தான். முன்னால் திரை. தலைக்கு மேல் ஒரு மங்கல் பல்பு. மஞ்சள், சிக்குப் பிடித்த எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்த நெடி. ஓடவும் முடியாது, நிமிரவும் முடியாது.

"இன்னா மாணிக்கம், சத்தத்தையே காணோம்?" என்று திரைக்கு வெளியிலிருந்து கோவிந்தராஜ் மேஸ்திரி கேட்டார். அவர்தான் கோயில் கமிட்டித் தலைவர், அவரேதான் பூசாரியும்.

"தேய்ச்சிக்கினு இருக்கேன் மேஸ்திரி."

"பாத்துப்பா. மூக்க கீக்க பேத்துடாத. தெருவே சேர்ந்து உன்னைப் பேத்துடும்."

ஈரத்துணியை எடுத்து அம்மன் முகத்தை மூடினேன். மூடிய பிறகும் அந்த வட்டம் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது.

கவசம் உட்காரவில்லை

போன வாரம் நான் டிஸ்டெம்பர் அடிக்கப் போன பங்களாக்களைப் பற்றி எழுதியிருந்தேன். பெயிண்டருக்குக் கோயிலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. மில் மூடி, பெங்களூர் ஸ்ரீராம்புரத்து ஆண்கள் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டவும், மீதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் டீக்கடையில் உட்காரவும் பழகியிருந்த காலம். பெண்கள்தான் கார்மெண்ட் பாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் சேர்ந்து அம்மனுக்கு வெள்ளி முலாம் பூசிய கவசம் செய்ய வேண்டும் என்றார்கள். நகர்த்பேட்டை வெள்ளிப் பட்டறையில் செய்தும் வந்துவிட்டது.

கவசம் உட்காரவில்லை. அம்மன் மேல் அத்தனை பூச்சு. மஞ்சள் மேல் செந்தூரம், செந்தூரத்தின் மேல் எண்ணெய், நடுவில் யாரோ ஒரு பக்தர் சிவப்பு எனாமலே அடித்து வைத்திருந்தார். பழைய பித்தளை முகத்தை அந்தப் பூச்சின் மேலேயே மெழுகு வைத்து ஒட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அம்மனின் கல் முகத்தைப் பார்த்தவர் தெருவில் ஒருவரும் இல்லை.

"நம்ம மாணிக்கம் வூடு வூடா சொரண்டறவன். அவனே சொரண்டட்டும்" என்று மேஸ்திரி சொன்னார். ஒரு வாரம் கவுச்சி தொடாமல் இருந்து, தலை முழுகி, ஈர வேட்டியோடு உள்ளே போனேன்.

பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டும்போது எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் வரும். பச்சைக்குள் நீலம், நீலத்துக்குள் ரோஸ், ரோஸுக்குள் வெறும் சுண்ணாம்பு. ஒவ்வொன்றும் ஒரு குடித்தனம். முன்பின் தெரியாதவர்கள் உடை மாற்றும்போது எட்டிப் பார்த்தது போலத் தோன்றும். அன்றைக்குத் தோன்றியது அந்தக் கூச்சம் இல்லை. பயம்.

அம்மன் எங்கள் தெருவுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள், குடிசை போட இடம் வெட்டும்போது, இடிந்து கிடந்த ஒரு கட்டடத்தின் மண்மேட்டில் குப்புறக் கிடந்த கல்லைப் பார்த்தார்கள். புரட்டினார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெண் உருவம். வலது கையில் நீளமாக ஒன்றைத் தோள்மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். கத்தி என்றார்கள். கத்தி மாரியம்மன் என்று பெயரும் வைத்தார்கள். அன்றைக்கே மஞ்சள் பூசி முகம் வைத்துவிட்டார்கள்.

புரட்டிய அன்று அந்த முகத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள்தானே? மண்ணும் சுண்ணாம்பும் அப்பிக் கிடந்ததில் தெரியாமல் போயிருக்கலாம். இல்லை, தெரிந்தும் சரி என்று விட்டிருக்கலாம். கேட்க இன்று யாரும் இல்லை.

குழாயடிக்கு வந்த மேடம்

கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது ஒரு போட்டோ.

அதற்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு கல்லூரி லெக்சரர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். பெயர் வசுதா. கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது இரண்டும் கலந்து வரும். காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை. ஆண்கள் இருந்த டீக்கடையை விட்டுவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனார். அங்கேதான் பெண்கள் இருந்தார்கள்.

"நோடிம்மா, இங்க பக்கத்துல ரொம்ப காலம் முன்னாடி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்துச்சு. யாருக்காவது தெரியுமா?"

ஒருத்திக்கும் தெரியவில்லை. தண்ணீர் வரும் நேரம் வேறு.

இந்த ஊரில் பெண்களுக்காக முதல் முதலில் ஏதாவது செய்தவர்களை எல்லாம் தேடிக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். பிளேக் வந்தபோது தண்டு, அதாவது கன்டோன்மென்ட் பக்கம் வீடு வீடாகப் போன ஒரு நர்ஸம்மா. கணவன் துரத்திவிட்ட பெண்களுக்குத் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்ட ஒரு வக்கீல் மனைவி. தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேட்டை பேட்டையாகக் கற்றுக்கொடுத்த ஒருத்தி. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நகரத்தில் ஒரு விழா எடுக்கப்போகிறார்களாம். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய கோமளம்மாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடமே போய்விட்டது.

"வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே தாலி அறுத்துட்டாங்க அவங்களுக்கு. மொட்டை போட வந்தப்போ அம்பட்டன் கையைக் கடிச்சிட்டாங்களாம்" என்று மேடம் சொன்னார். குழாயடியில் யாரோ சிரித்தார்கள். "அப்புறம் படிச்சாங்க. செருப்பு போட்டுக்கிட்டு, குடை புடிச்சிக்கிட்டு, தெருவுல நடந்தாங்க. விதவை செருப்பு போடலாமா, குடை புடிக்கலாமான்னு மாடியிலிருந்து சாணியைக் கரைச்சு ஊத்தினாங்க. மழைக்கு இல்ல, வெயிலுக்கு இல்ல. சாணிக்குத்தான் அந்தக் குடை."

அப்போது பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். கோமளம்மாவிடம் படித்த பெண்கள் சேர்ந்து பள்ளி வாசலில் வைத்த கல்லாம். மாலை போட்ட கல், பக்கத்தில் வரிசையாகச் சின்னப் பெண்கள். நான் என் வீட்டு வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். கல்லில் ஒரு பெண், மூக்குக்கண்ணாடியோடு.

கல்லில் கூடக் கண்ணாடி செதுக்குவார்களா என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

குழாயடியில் கடைசி வரைக்கும் நின்று கேட்டவள் ஒருத்திதான். என் தங்கை சுசீலா. மேடம் கொடுத்த விசிட்டிங் கார்டையும் அவள்தான் வாங்கி வைத்திருந்தாள்.

எதிர்ச் சாரியில் நிற்பவள்

சுசீலா கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. கார்மெண்ட் பாக்டரியில் காலர் தைக்கும் வேலை. தெருவில் அவளை யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. கைமாற்று கேட்பார்கள், பிளவுசுக்கு ஓரம் அடிக்கக் கொடுப்பார்கள், ரேஷன் வரிசையில் இடம் போட்டு வைக்கச் சொல்வார்கள்.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு அம்மன் பாதத்தில் வைத்த குங்குமத்தையும் மஞ்சள் கயிற்றையும் பெண்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். வீட்டுக்காரர் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று வாங்குவது. தட்டைப் பிடித்துக்கொண்டு கொடுப்பவர் பட்டாணிக்கடை மல்லிகா அக்கா. தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் ஓடுகிறவர். நல்ல மனுஷி.

சுசீலா வந்த முதல் வருஷம், தெரிந்தோ தெரியாமலோ அந்த வரிசையில் நின்றுவிட்டாள். அவள் முறை வந்ததும் மல்லிகா அக்கா தட்டின் மேல் கையை வைத்து மூடினார். கோபமாக இல்லை. சூடான பாலை ஈ மொய்க்காமல் மூடுவது போல.

"நீ அப்டி ஓரமா நில்லு கண்ணு. உனக்குப் பொங்கல் எடுத்து வெச்சிருக்கேன்."

"வரிசையிலேர்ந்து வெளிய தள்ளிட்டாங்கண்ணா" என்று வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னாள். அன்றிலிருந்து அந்த நாளில் அவள் தெருவின் எதிர்ச் சாரியில், குழாய்க்குப் பக்கத்தில் நிற்பாள். நின்று பார்ப்பாள். பொங்கலைத் தொட மாட்டாள். நான் ஒரு தடவை கடையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வந்து, "வெச்சிக்கோயேன், யார் என்ன சொல்றாங்க பாக்கலாம்" என்றேன். வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டாள்.

அது கத்தி இல்லை

கண்ணாடியைப் பார்த்த அன்று மதியம், சாப்பிடப் போகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுசீலாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்டு. தலை வாரிக்கொண்டிருந்தாள். சொன்னேன். சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது.

"கையைப் பாத்தியாண்ணா?"

"கையை ஏன் பாக்கணும்?"

"போய் கையைப் பாரு. கத்திக்குப் பிடி எப்டி இருக்கும், குடைக்குப் பிடி எப்டி இருக்கும்?"

திரும்ப ஓடினேன். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கப் பொறுமை இல்லை, விரல் நகத்தாலேயே கீறினேன். பிடி வளைந்திருந்தது. அதற்கு மேலே மடிப்பு மடிப்பாகத் துணி. நடுவில் துணியைச் சேர்த்துக் கட்டிய நாடா கூடச் செதுக்கியிருந்தார் அந்தச் சிற்பி.

எங்கள் கத்தி மாரியம்மன் குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

டெலிபோனில் பேசுவது எனக்கு இன்றும் வராது. எஸ்.டி.டி. பூத்தில் சுசீலாதான் டயல் செய்து மேடத்திடம் பேசினாள். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள் அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை.

மல்லிகா அக்கா கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். அதற்குள் நான் மேஸ்திரியிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. சொல்லவில்லை, திரையை விலக்கிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தெரு முழுவதும் கோயில் முன்னால் கூடியது. மேடம் உள்ளே குனிந்து பார்த்தார். வெளியே வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். இல்லை. பீடத்துக்குக் கீழே, கல்லில் ஓடிக் காய்ந்திருந்த கறையை அவர் பார்த்திருக்கிறார்.

"அய்யோ தேவரே..." என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "இது என்ன?"

"போன பண்டிகைக்கு அறுத்த சேவல்மா" என்றார் மேஸ்திரி.

"கோமளம்மா முட்டை கூடத் தொட மாட்டாங்க. அவங்க முன்னாடி கோழி அறுத்தீங்களா?"

"அவங்க வேணாம்னு சொல்லலியேம்மா."

யாரோ சிரித்தார்கள். மேடத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போட்டோவைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் பார்த்தார்கள். கண்ணாடி, குடை, தோளில் முந்தானையின் மடிப்பு, எல்லாம் ஒன்றுதான். "நம்ம ஆத்தா படிச்சவ போலிருக்கு" என்று ஒரு கிழவர் பெருமையாகச் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் எல்லாமே நன்றாக முடிந்திருக்கும்.

மல்லிகா அக்காதான் கேட்டார். "ஏம்மா, அந்தம்மாவுக்கு எத்தினி புள்ளைங்க? வூட்டுக்காரரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

மேடம் அன்று குழாயடியில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கவில்லை. விழுந்தவர்களும் அதை அம்மனோடு சேர்த்துப் பார்த்திருக்கவில்லை.

"வீட்டுக்காரர் ஏதும்மா? அவங்க சின்ன வயசிலேயே விதவை. அதனாலதானே இவ்வளவும் செஞ்சாங்க!" என்று மேடம் கண் மின்னச் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த பெண்கள், சொல்லி வைத்தது போல, கழுத்துக்குக் கையைக் கொண்டு போனார்கள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து..." மல்லிகா அக்கா அழுதுவிட்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு தாலி அறுத்தவ பாதத்துலேர்ந்தா குங்குமம் எடுத்து நெத்தில வெச்சிக்கினேன்? ஊருக்கெல்லாம் இந்தக் கையாலதான குடுத்தேன்!"

அவர் வீட்டுக்காரர் குப்பன் அண்ணன், தன் ஆட்டோவின் பின்சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏண்டி அழுவற? நான் இங்கதான குந்திக்கினு இருக்கேன்? எனக்கு இன்னா ஆயிடுச்சி?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பெண்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. மில் மூடியதே இதனால்தான் என்றார்கள். இன்னாருக்கு ஆண் பிள்ளை தங்காதது இதனால்தான் என்றார்கள். கடைசியில் கமிட்டி முடிவு செய்தது. கல்லை மேடத்திடம் கொடுத்துவிடுவது. விழா அரங்கில் வைத்து மாலை போட்டு, அப்புறம் ஏதாவது பெண்கள் பள்ளியில் வைத்துக்கொள்ளட்டும். நமக்குப் புது அம்மன் செய்யச் சொல்லலாம்.

மேடம் கைகூப்பி நன்றி சொன்னார். அவர் தேடி வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் போகும்போது, எதிர்ச் சாரியில் நின்ற சுசீலாவைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுசீலா கேட்டாள். "விதவைன்னு தெரிஞ்ச மறு நிமிஷம் சாமியையே தெருவை விட்டு அனுப்பறாங்கண்ணா. என்னை எப்போ?"



கும்பம்

சாமி குடியிருந்த கல்லைச் சும்மா தூக்கி வண்டியில் ஏற்றிவிட முடியாது. அதற்கு முறை இருக்கிறது. கல்லில் இருக்கும் அம்மனைக் கும்பத் தண்ணீரில் இறக்க வேண்டும். கல்லில் ஒரு நூலைக் கட்டி, அதன் மறு முனையைச் செம்புக் குடத்தில் சுற்றி, பூசை போட்டுக் கற்பூரம் காட்டினால், அம்மன் நூல் வழியாகக் குடத்துக்கு வந்துவிடுவாள். பிறகு கல் வெறும் கல். புதுச் சிலை வரும் வரைக்கும் குடம்தான் அம்மன். அதைத் தெருக் கோடியில் போட்ட ஓலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மேஸ்திரி இதைச் சொன்னபோது எல்லோருக்கும் நிம்மதி. விதவை கல்லோடு போய்விடுவாள், அம்மன் குடத்தோடு தங்கிவிடுவாள்.

வேன் வரவேண்டிய காலையில் கோயில் வாசலில் பூசை நடந்தது. வேப்பிலை, மாவிலை, தேங்காய் வைத்த செம்புக் குடம். மஞ்சள் தடவிய நூல். நான் சுரண்டிச் சுத்தம் செய்த கோமளம்மா, வெறும் கருங்கல்லாக, கண்ணாடியோடும் குடையோடும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடுத்திவிட ஆள் இல்லாமல் அன்றைக்குத்தான் முதல் முதலாக அப்படி நின்றாள். மேஸ்திரி நூலை அறுத்தார்.

"தூக்குங்கம்மா."

எங்கள் கோயில் குடத்தை ஆண்கள் தொடுவதில்லை. சுமங்கலிப் பெண் ஒருத்திதான் தலையில் வைத்துக் கொண்டுபோவாள். சாதாரணமாக அதற்குச் சண்டையே நடக்கும். அன்று யாரும் நகரவில்லை.

"மல்லிகா, நீ தூக்கு."

"நானா? எனக்கு முட்டி வலி மேஸ்திரி."

"அலமேலு?"

"வூட்ல கேக்கணும்."

"என்னம்மா இது! அம்மன் குடத்துக்கு வந்துட்டாள்மா. பழைய சங்கதி எல்லாம் கல்லோட போச்சி."

"நூல் வழியா எது எது வந்திச்சோ யாருக்குத் தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேஸ்திரி தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தரையைப் பார்த்தார். கற்பூரம் அணைந்து புகைந்தது. வேன் தெரு முனையில் வந்து ஹாரன் அடித்தது. அம்மன் நடுத்தெருவில், தூக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுசீலா குழாயடியிலிருந்து வந்தாள். தெருவைக் கடந்தாள். பாக்டரிக்குப் போகக் கட்டிய புடவைதான், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். குனிந்தாள்.

"சுசீலா!" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் தளும்பி நெற்றியில் வழிந்தது. "எனக்கு வூட்ல கேக்க யாரும் இல்ல மேஸ்திரி. நடங்க" என்றாள்.

கல் வீசுவார்கள் என்று நினைத்தேன். மேஸ்திரிதான் பூசாரி, அவர் வேண்டாம் என்றிருந்தால் நின்றிருப்பாள். அவர் அவளைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். தலையில் ஏறிய குடத்தை வைக்கும் இடத்தில்தான் இறக்க வேண்டும், வழியில் இறக்கினால் தெய்வக் குற்றம். அவர் கையே தானாக மணியை அடித்தது.

முறை தெரிந்தவர்களுக்கு அப்போதே புரிந்திருக்கும். எனக்குச் சில வாசல்கள் தாண்டிய பிறகுதான் உறைத்தது. குடம் வரும்போது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் மஞ்சள் தண்ணீரோடு வெளியே வந்து, தூக்கி வருகிறவளின் காலைக் கழுவ வேண்டும். அவள் கையால் குங்குமம் வாங்க வேண்டும். யாரும் எடுக்காத குங்குமத் தட்டு என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

முதல் வாசலில் ஒருவரும் இல்லை. இரண்டாவதில் ஒரு புது மருமகள், விவரம் தெரியாதவள், வந்து தண்ணீர் ஊற்றிவிட்டாள். அவள் மாமியார் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வீட்டில் செம்பை மட்டும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நானே எடுத்து ஊற்றினேன். பாதி தண்ணீர் என் மேலேயே கொட்டியது.

மல்லிகா அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

சுசீலா நின்றாள். போகலாம் என்று மேஸ்திரி மணியை ஆட்டினார். அவள் நகரவில்லை. குடத்துக் கழுத்தில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. உள்ளே ஏதோ பேச்சு கேட்டது, குப்பன் அண்ணன் குரல். "அம்மன் வாசல்ல நிக்குதுடி. உனக்கு நல்லதில்ல, போ!"

கதவு திறந்தது. மல்லிகா அக்கா கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் குனிந்து சுசீலாவின் காலில் தண்ணீரை ஊற்றினார். ஒரு காலில் மட்டும் ஊற்றிவிட்டு நிமிரப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொரு காலிலும் ஊற்றி, கையால் தேய்த்தே கழுவினார். கார்மெண்டில் நாளெல்லாம் மிஷின் மிதித்த கால், குதிகால் வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் மஞ்சள் இறங்கியது.

சுசீலா ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தட்டில் நீட்டிக் குங்குமத்தை எடுத்தாள். மல்லிகா அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை போல.

விரல் அந்த நெற்றிக்கு முன்னால் நின்றது.

"வேணாம்னா சொல்லிடுங்கக்கா. நான் கோச்சிக்க மாட்டேன்."

மல்லிகா அக்கா கண்ணைத் திறக்காமலே, "வைடி" என்றார். "கழுத்து வலிக்குது. சீக்கிரம் வை."

அதற்கு அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாக் கதவும் இல்லை. மேஸ்திரி வீட்டுக் கதவு கடைசி வரை திறக்கவே இல்லை.

கொட்டகையில் குடத்தை இறக்கினாள். திரும்பி வந்தோம். வேன் பக்கத்தில் வசுதா மேடம் வாயில் கை வைத்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. கோமளம்மாவை வைக்கோல் வைத்துச் சாக்கு சுற்றி ஏற்றியிருந்தார்கள். மேடம் சுசீலாவின் கையைப் பிடித்தார், விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும், மேடையில் ஏற்றுகிறேன் என்றார். "லீவு கெடைக்காது மேடம்" என்று சொல்லிவிட்டு சுசீலா நடந்தாள்.

வீட்டில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, தட்டு இன்னும் என் கையில் இருந்தது. குங்குமம் மிச்சம் இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. தெருவுக்கே வைத்துவிட்டு வந்தவள் அல்லவா. தட்டை அவள் முன்னால் நீட்டினேன்.

"நீ வெச்சிக்கல?"

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட பார்வை.

"எனக்குக் குங்குமம் வேணும்னு நான் எப்போண்ணா சொன்னேன்? வரிசையிலேர்ந்து வெளிய தள்ளிட்டாங்கன்னுதான சொன்னேன்."

அடையாள அட்டையை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள். பாக்டரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். நான் தட்டோடு நின்றேன். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.